காடு என்று எழுதிவிட்டேன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மேட்டுக்காட்டுக்காக நாங்கள் கொடுத்த மனுவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்னும் சுருக்கென்று ஏறும். யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். அதில் முதல் ஆள் நான்தான்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு செம்மண் மேடு. ஏர் ஓட்ட முடியாத இடம். ஒரு சாண் தோண்டினால் கல் தட்டும். அங்கே கிணறு வெட்டிப் பார்த்தவர்கள் பாதியிலேயே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால் யாரும் அதை வளைத்துப் போடவில்லை. சர்க்கார் நிலம், ஊர் மேய்ச்சலுக்கு என்று விட்டது. சுற்றி வர அரை மணி நேரம் பிடிக்கும். மரம் என்று பார்த்தால் நாலைந்து வேலமரமும் ஓரத்தில் ஒரு வேம்பும்தான்.

சித்திரை, வைகாசியில் அங்கே போனால் நெருஞ்சி முள்ளைத் தவிர ஒன்றும் இருக்காது. ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழ வேண்டும். பத்தே நாளில் ஒரு பக்கம் தும்பை வெள்ளையாகப் பரவிவிடும். ஆவாரை மஞ்சளாக நிற்கும். நடுவில் கொழிஞ்சி ஊதா. தரையோடு தரையாக விஷ்ணுகிராந்தி நீலப் பொட்டு வைத்திருக்கும். வேலமரத்தில் கண்வலிக்கொடி ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாக விரியும். அதை மட்டும் ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் வண்டுச் சத்தம் காதை அடைக்கும். தை பிறந்தால் பூளைப்பூ. பொங்கலுக்கு வாசலில் செருக ஊரே அங்கேதான் போய்ப் பறிக்கும்.

ஆனால் அதை அழகு என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. பூத்துவிட்டது என்றுகூடச் சொல்ல மாட்டோம். "மேட்டுக்காட்டுல மேய்ச்சல் வந்துடுச்சி" என்போம். பூ என்றால் தலையில் வைப்பது, இல்லாவிட்டால் சாமிக்குப் போடுவது. காலுக்கடியில் கிடப்பது மேய்ச்சல். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்னிடம் அப்போது பதினோரு ஆடுகள் இருந்தன. எனக்கு அது கைச்செலவு. என் கணவர் கொத்தனார். அடுப்பு எரிவது அவர் கூலியில். ஆனால் என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, ஆடுதான் எல்லாம். கொழுந்தனாரெல்லாம் இருந்தும் யார் கையையும் எதிர்பார்க்காத ஆள். அவர் கணவர் இறந்தபோது விட்டுப்போனது நாலு ஆடு. அதை இருபத்தைந்துக்கு மேல் பெருக்கியிருந்தார். நிலம் ஒரு குழி கிடையாது. மேட்டுக்காடு இருந்ததால் நிலம் இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆடு வாங்க வரும் பாய் ஒருவர், பக்ரீத்துக்கு ஒரு மாதம் முன்பே நேராக அவர் பட்டிக்குத்தான் வருவார். "மேட்டுல மேஞ்ச ஆடு தனிங்க. தழை தின்ன ஆடு, தீவனம் தின்ன ஆடு எனக்குக் கையில தூக்குனாலே தெரிஞ்சிடும்" என்பார்.

தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முன்பு திருச்சிக்குப் போன மனு இனி பெரம்பலூருக்குப் போகும், அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஒன்றில் அரியலூரையும் தனி மாவட்டமாக்கினார்கள். அப்போதுதான் வினை வந்தது. மாவட்டம் என்றால் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஆட்கள். ஆட்கள் என்றால் வீடு. பேர் சொல்லவேண்டாத ஒரு வீடு கட்டும் சங்கம், குடியிருப்பு அமைக்க எங்கள் மேட்டைக் கேட்டு எழுதிப் போட்டிருந்தது. எங்களுக்கு அது தெரிந்ததே, ஒரு நாள் காலையில் நாலு பேர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு நின்றபோதுதான். மேட்டின் மேல் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். ஆடுகள் கோட்டை மிதித்துக்கொண்டு மேய்ந்தன.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போதே என் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு வருஷத்துக்கு ஊருக்குள்ளயே வேலை கெடைக்கும். திருமானூரு, ஜெயங்கொண்டம்னு நான் பஸ் புடிச்சி ஓட வேண்டாம்" என்றார் என் கணவர்.

"உங்க அண்ணன் பொண்டாட்டி ஆட்டை எங்க ஓட்டுறது? உங்க தலைல மேய்க்கவா?"

"அதுக்கு நான் என்ன பண்றது. நான் வேணாம்னா வூடு கட்டாம போயிடுவானா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். தப்பாகப் பேசும் கணவரோடு சண்டை போடுவது சுலபம். சரியாகப் பேசுகிறவரிடம் கத்திவிட்டு நாமே தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூடினோம். ஆடு வைத்திருந்தவர்கள்தான் எல்லோரும். கலெக்டரிடம் மனு கொடுப்பது என்று முடிவானது. யார் எழுதுவது என்று பேச்சே வரவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பத்தாவது முடித்தவள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொல்லிவிட்டார். அந்தப் பெருமையை நான் கல்யாணத்தோடு கூட எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். நானே எழுதினேன். இரண்டு முழுநீளத் தாள். 'எங்கள் ஊர் மேட்டுக்காட்டை அழிக்க வேண்டாம். இந்தக் காட்டை நம்பித்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. காடு போனால் நாங்கள் போக இடமில்லை.' படித்துக் காட்டியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கையெழுத்து வாங்கும்போது பாதிப் பேருக்கு மேல் கட்டைவிரலை நீட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கைநாட்டு வெச்சா ஆபீஸ்ல மதிக்க மாட்டாங்க, கூட்டிட்டு வந்து வெச்சதும்பாங்க. பேரு எழுதக் கத்துக்கங்க" என்றேன். மனுவை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். தினமும் சாயங்காலம் ஆடு அடைத்த பிறகு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்பது பெண்களுக்கு அவரவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். முழு எழுத்தும் இல்லை, அவரவர் பெயர் மட்டும். என்னைவிடப் பத்து வயது மூத்த என் ஓரகத்திதான் எல்லோரிலும் மெதுவாக எழுதுவார். நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடிப்பார். பெயரில் மூன்றே எழுத்து. மூன்றாவது எழுத்தின் சுழியை எப்போதும் உள்பக்கமாகத் திருப்பிவிடுவார்.

"இது வெளிய வரணும் அக்கா."

"வெளிய வந்தா தாள்ல எடம் பத்தலை புள்ள" என்பார்.

ஆறாம் நாள் ஒரு மாதிரி வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நாலு வீட்டில் காட்டிவிட்டு வந்தார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அரியலூருக்குப் போய் மனுவைக் கொடுத்தோம். வாங்கி, சீல் குத்தி, ரசீது தந்தார்கள். ரசீதைப் பார்த்ததும் பாதி ஜெயித்துவிட்டதாகவே நினைத்து, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வந்தோம். அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை போனது. மேடு பூத்தது. ஆள் யாரும் வரவில்லை. மார்கழி போனது, தை போனது, மாசியும் போனது. பங்குனியில், எல்லாம் காய்ந்து நெருஞ்சி மட்டும் மிச்சமிருந்த ஒரு மத்தியானம், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் டிவிஎஸ் வண்டியில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். வனத்துறைக்காரர்.

"மனு குடுத்தது நீங்களாம்மா? காடு எங்க இருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் மனுவுக்கு வனத்துறையில் என்ன வேலை? சரி, பெரிய ஆபீஸ், பல பேரை அனுப்புவார்கள் போல என்று நினைத்து, ஓரகத்தியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அவர் மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தி நாலு பக்கமும் பார்த்தார்.

"இதுதான் மேடுன்னு தெரியுதும்மா. காடு எங்க?"

"இதாங்க காடு."

"எது?"

"நீங்க நிக்கிறதுதாங்க."

அவர் தன் காலடியைப் பார்த்தார். பிறகு வேலமரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் பாயாத நிலம் எல்லாமே காடுதான். கடலை போட்டால் கடலைக்காடு, சோளம் போட்டால் சோளக்காடு, முந்திரி நின்றால் முந்திரிக்காடு. களை எடுக்கப் போகிறவள் "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். ஆபீஸில் என் மனுவைப் படித்தவர், எந்த ஊர்க்காரரோ, காடு என்று இருந்ததைப் பார்த்து அதை வனத்துறைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு வருடம் அது அங்கே கிடந்திருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏங்க, லப்பைக்குடிக்காடுன்னு பஸ்ஸுல போர்டு போட்டு ஓடுதே, அங்க என்ன புலியா இருக்கு? செத்தா சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறோமே, அதையும் உங்க ஆபீஸுல கேட்டுட்டுத்தான் தூக்கணுமா?"

அவர் நல்ல மனுஷன். சிரித்துவிட்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. நானும் இந்தப் பக்கத்து ஆளுதான். ஆனா நான் என்னன்னு எழுதறது? காடு இருக்கான்னு கேட்டு அனுப்பியிருக்காங்க. இல்லன்னுதான் எழுத முடியும்."

"மழைக்கப்புறம் வந்து பாருங்க சார். கால் வைக்க எடம் இருக்காது, அவ்வளவு பூ" என்றேன். மேட்டைப் பற்றிப் பேசும்போது பூ என்ற சொல் முதல் முறையாக அன்றைக்குத்தான் என் வாயில் வந்தது. வந்ததும் அசட்டுத்தனமாக இருந்தது. அவர் பார்த்த இடத்தில் ஒரு பூகூட இல்லை.

"நான் ஐப்பசியில வந்தா இந்த ரிப்போர்ட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, வண்டியின் சீட்டிலேயே தாளை வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மேற்படி இடத்தில் காடு ஏதும் இல்லை. சில வேலமரங்கள் தவிர வெற்றுத் தரிசாக உள்ளது.' பிறகு என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன வேகத்தில் அரியலூர் மாவட்டமும் போய்விட்டது. பிரித்த மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அரியலூர்க் கடைத்தெருவில் ஆளுக்கு ஆள் புலம்பினார்கள். எங்களுக்கோ கொண்டாட்டம். மாவட்டமே இல்லையென்றால் ஆபீஸர் எதற்கு, ஆபீஸருக்கு வீடு எதற்கு? என் ஓரகத்தி மாரியம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு கரண்டி வாங்கித் தின்றேன்.

சங்கம் கலையவில்லை. மனை கேட்டுப் பணம் கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆபீஸர்களாக இருந்தால் என்ன, கடைக்காரர்களாக இருந்தால் என்ன. கலைந்தது எங்கள் மனுதான். அரியலூரில் போய்க் கேட்டால், "ஃபைலெல்லாம் பெரம்பலூர் போயிடுச்சிம்மா" என்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டுப் பெரம்பலூர் போனால், "அரியலூர்லேர்ந்து இன்னும் மூட்டை பிரிக்கலை, அடுத்த மாசம் வாங்க" என்றார்கள். அடுத்த மாதம் போனால் அந்த கிளார்க் மாறியிருந்தார். ரசீதை நீட்டினேன். "இது அரியலூர் மாவட்ட நம்பர். அந்த மாவட்டமே இப்ப இல்லீங்களே" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஒரு சீல் வைத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த சீலுக்குச் சொந்தமான இடமே இல்லை என்று கேட்டுவிட்டு, திரும்ப இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுகையாக வந்தது. அழுதால் பக்கத்து சீட்டுக்காரி என்ன ஏது என்று விசாரிப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

புது மனு எழுதினேன். இந்தத் தடவை கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்த நிலத்துக்குச் சர்க்கார் கணக்கில் என்ன பெயர் என்று கேட்டேன். 'மேய்க்கால் புறம்போக்கு' என்றார். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் காதில் விழாத பெயர். எங்கள் சொல் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் சொல் எங்களுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒன்றரை வருடம் போயிருந்தது. அவரேதான் இன்னொன்றும் சொன்னார்: "மேய்க்காலை வேற எதுக்காவது மாத்தணும்னா கிராம சபைல கேக்கணும். சுதந்திர தினத்தன்னிக்கு சபை இருக்கு. உங்க ஆளுங்கள நெறைய கூட்டிட்டு வந்து பேசுங்க."

எனக்குப் புது உயிர் வந்தது. எங்கள் ஊர்க் கிராம சபை எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் கொடியேற்றுவார், பத்துப் பேர் நிற்பார்கள், ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள், முடிந்தது. அந்த வருடம் நான் விடவில்லை. ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆடு இல்லாதவர்களையும் கூப்பிட்டேன். "பொங்கலுக்குப் பூளைப்பூ எங்க பறிப்பீங்க?" என்று கேட்டேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களிடம் அரை நாள் விட்டுவிட்டு வரச் சொன்னேன். என் கணவரிடம் மூன்று நாள் பேசாமல் இருந்து அவரையும் வரவைத்தேன்.

ஊரே திரண்டுவிட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. தலைவருக்கே முகம் ஒரு மாதிரி ஆனது. மேசை போட்டு ஒரு நீளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து கிளார்க் உட்கார்ந்திருந்தார். "வந்தவங்க எல்லாம் வரிசையா கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க" என்றார். வரிசையில் முதலில் நின்றது நான். போட்டேன். எனக்குப் பின்னால் நான் கற்றுக்கொடுத்த ஒன்பது பேரும் போட்டார்கள். ஒருத்தி மை தடவ விரலை நீட்டியபோது நானே தடுத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். "இத்தனை பேரா கையெழுத்துப் போடுறீங்க! பரவால்லியே" என்று கிளார்க் பாராட்டினார். நான் பூரித்துப்போய் நின்றேன்.

பிறகு பேசினோம். நன்றாகத்தான் பேசினோம். எந்த மாதத்தில் எந்தத் தழை, எத்தனை ஆடு, மாடு, மேடு போனால் எங்கே ஓட்டுவது, எல்லாம் சொன்னோம். எப்போதும் வாயைத் திறக்காத என் ஓரகத்தி எழுந்து, "எனக்குப் புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல, அந்த மேடுதான் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "எல்லாத்தையும் எழுதிக்கிட்டாச்சி" என்றார். மிட்டாய் கொடுத்தார்கள். அந்த ஐப்பசியில் மேடு எப்போதும் போலப் பூத்தது. அந்தத் தடவை நான் நின்று பார்த்தேன். வேலை எதுவும் இல்லாமல், ஆட்டைத் தேடாமல், சும்மா நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

தை முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, குறைகேட்கும் நாளில், புது மனு என்ன ஆனது என்று கேட்க நாங்கள் ஏழு பேர் பெரம்பலூருக்குப் போனோம். வரிசையில் நின்று, கூப்பிட்டு, உள்ளே போனோம். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். பொறுமையாக எங்கள் மனுவைப் படித்தார். பிறகு ஒரு ஃபைலை எடுத்து வரச் சொன்னார். ஆச்சரியம், இந்தத் தடவை ஃபைல் இருந்தது. தடிமனாகவே இருந்தது. அதைப் புரட்டிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வனத்துறை தரிசுன்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்களே."

"அது காடு இருக்கான்னு கேட்டதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சரி, அதை விடுங்க. கிராம சபைலயே ஆட்சேபணை இல்லன்னு தீர்மானம் போட்டிருக்கீங்களே? இப்ப வந்து ஆட்சேபணைன்னா எப்படிம்மா?"

ஃபைலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கிராம சபையில் மேசை மேல் இருந்த அந்த நீளப் புத்தகத்தின் நகல். மேலே நாலு வரி. 'ஊரின் வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு, மேற்படி மேய்க்கால் நிலத்தைக் குடியிருப்புக்கு ஒதுக்க இச்சபைக்கு ஆட்சேபணை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' கீழே கையெழுத்துகள். பக்கம் பக்கமாக. முதல் கையெழுத்து அச்சுப் போல இருந்தது. நாலாவதில் மூன்றாம் எழுத்தின் சுழி உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

நாங்கள் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பக்கத்தில் மேலே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அதிகாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வெறும் பக்கத்துல ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார். "வழக்கமா பத்துப் பேருதான் வருவாங்க, அப்படி இருந்தா சபை செல்லாதுன்னு நானே திருப்பி அனுப்பியிருப்பேன். இவ்வளவு பேர் கையெழுத்து இருக்கறதுனாலதான் மேல அனுப்பினோம்" என்றார். வீடு வீடாக நான் ஏறி இறங்கியிராவிட்டால் அந்தத் தீர்மானம் செல்லாமல் போயிருக்கும். அவர் அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

சங்கத்துக்குத் தேவைப்பட்ட காகிதம் இரண்டு. இரண்டையும் எங்கள் போராட்டம்தான் உண்டாக்கிக் கொடுத்திருந்தது. அவர்கள் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் வாய் ஓயவில்லை. நான் தலைவரைத் திட்டினேன், கிளார்க்கைத் திட்டினேன், வனத்துறையைத் திட்டினேன். ஓரகத்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அரியலூர் நெருங்கும்போது என் கையைத் தொட்டுக் கேட்டார்.

"புள்ள, நான் போட்ட பேரை மட்டும் அதுலேருந்து அழிச்சிட முடியாதா?"

"முடியாதுக்கா."

"கைநாட்டா இருந்தா, இது என்து இல்லன்னு சொல்லியிருக்கலாமுல்ல?"

கைநாட்டுதான் மறுக்கவே முடியாதது, கையெழுத்தைத்தான் மறுக்கலாம் என்று அவருக்கு விளக்கியிருக்கலாம்.

அடுத்த ஆனியில் மண் வாரும் இயந்திரம் வந்து மூன்று நாளில் மேட்டைச் சமம் செய்தது. கல் நட்டார்கள். நுழைவில் வளைவு கட்டி, ஏதோ ஒரு மலர் நகர் என்று பெயர் வைத்தார்கள்; பூவைத் துடைத்துவிட்ட இடத்துக்கு அந்தப் பெயர் வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ. வளைவைக் கட்டிய கொத்தனார் என் கணவர். அந்தக் கூலியில் வாங்கிய அரிசியைத்தான் நானும் பொங்கினேன். கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கிற அளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லை. ஐப்பசியில், கல்லுக்குக் கல் நடுவில், தும்பை கொஞ்சம் தலை காட்டியது. வாட்ச்மேன் ஆடுகளை விரட்டினார்.

ஓரகத்தி ஆடுகளை ரோட்டோரமாக ஓட்டிப் பார்த்தார். சுண்ணாம்புக்கல் லாரி இரண்டை அடித்துவிட்டது. முந்திரித் தோப்பில் புகுந்ததற்கு ஒருவர் நாலு பேர் முன்னால் அவரைக் கேவலமாகப் பேசினார். இரண்டு பக்ரீத்தில் எல்லாம் முடிந்தது. கடைசி ஆட்டை ஏற்றும்போது லப்பைக்குடிக்காட்டு பாய் நெஞ்சில் கை வைத்து, "அல்லா இருக்கான்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஓரகத்தி முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார். கொட்டை ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டு இரண்டு கையும் தோல் உரிந்து கறுத்துவிட்டது.

இரண்டாயிரத்து ஏழில் அரியலூரைத் திரும்பவும் மாவட்டமாக்கினார்கள். ஊரில் வெடி போட்டார்கள். அதே சமயத்தில் எங்கள் ஊருக்கு இலவச டிவி வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் மேசை, மேசையில் ஒரு நீளப் புத்தகம், வரிசை. எனக்கு முன்னால் ஓரகத்தி நின்றார். புத்தகத்தின் பின்னால் உட்கார்ந்திருந்தது வெளியூர்ப் பையன்தான், மரியாதையாகத்தான் கேட்டான்.

"கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க" என்றார் ஓரகத்தி.

உரிந்த கட்டைவிரலை மையில் வைத்து எடுத்து அழுத்தினார். தோல் போயிருந்ததால் ரேகை சரியாக விழவில்லை. பையன் இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். வைத்தார். டிவி பெட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.